கையில் இருந்த துண்டு

2023ஆம் ஆண்டு லண்டனில் இருக்கும் என் மகளுக்குப் பிள்ளைப்பேறு. "அம்மா, நீங்கள் வந்தால்தான் எனக்குத் தைரியம்" என்றாள். 2009இல் கணவரை இழந்த பிறகு நான் கிளிநொச்சியை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை.

வான் பிடித்தால் பெருஞ்செலவு. இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, கோட்டையில் 187ஆம் இலக்க பஸ் ஏறிக் கட்டுநாயக்கா போனேன். வாசலிலேயே சீருடை, பொதிச் சோதனை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்து கை நடுங்கியது.

"பய வென்ன எப்பா, அக்கே" என்றாள் பின்னால் நின்ற சிங்களச் சகோதரி. பயப்படாதே என்கிறாள். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். அவள் பின்னாலேயே போனேன்.

சரக்குத் தூள் இருந்த பெரிய பொதியை லண்டன் வரைக்கும் அனுப்பினார்கள். விமானம் ஏறுவதற்கு இரண்டு துண்டுகள் தந்தார்கள். கைப்பையில் வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துவிட்டார்கள். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் கைப்பையில் கூடாதாம்.

டோகாவில் விமானம் மாறவேண்டும். அங்கே அறிவித்தல் பலகைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான். அவள் வெளியே போகும் வழி வேறு, என் வழி வேறு. பிரியுமுன் என் இரண்டாவது துண்டில் இருந்த விமான இலக்கத்தைத் தொட்டுக் காட்டி, திரையில் அதையே தேடச் சொன்னாள். அதற்கு நேரே இருக்கும் எழுத்தும் எண்ணும்தான் நான் ஏறவேண்டிய வாசல்.

எழுத்தோடு எழுத்தைப் பொருத்திப் பார்த்து நடந்தேன். நடு மண்டபத்தில் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மை. சுற்றிச் சுற்றி அதனடிக்கே வந்து நின்றேன். கடைசியில் சீருடையில் நின்ற ஒரு பெண்ணிடம் துண்டை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வழி காட்டினாள். சீருடைக்காரரிடம் நானாகப் போய் உதவி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று மணித்தியாலம் முந்தியே விமான நிலையம் போங்கள். நடக்க இயலாதவர்கள் ரிக்கற் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். விளங்காவிட்டால் துண்டை நீட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பேரனை மடியில் வைத்திருந்தபோதுதான் அந்தச் சகோதரியின் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அதே கரடிப் பொம்மையடியில் ஒரு தாய் திகைத்து நின்றார். அவருடைய துண்டை வாங்கிப் பார்த்து, வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.