நெற்களஞ்சியத்தில் ஒரு வெள்ளக் கணக்கு

கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்து ஒப்புவிக்கிறார்கள். அதை நேரில் பார்த்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலரே. பள்ளி விடுமுறையில் அங்கே போய்க் கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

சுங்கைப்பட்டாணியை விட்டு வடக்கே போனால் முதலில் ரப்பரும் செம்பனையும்தான். ஜெராய் மலையும் குருண் பட்டணமும் கழிந்ததும் மேடு பள்ளம் மறைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகிறது. குருணிலிருந்து அலோர் ஸ்டார் வரை வான் மாட் சமான் கால்வாய் நீள்கிறது. 1885இல் வெட்டத் தொடங்கியபோது, இரவில் பந்தங்களை வரிசையாக ஏற்றி நேர்கோடு பார்த்தார்கள் என்று ஊரார் சொல்வார்கள். 1970 வாக்கில் மூடா, பெடு அணைகள் வந்த பிறகு ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது.

நெல்லுக்கு வரமான அதே சமநிலம் வெள்ளத்துக்குச் சாபம். தண்ணீர் ஏறினால் எளிதில் வடியாது. 2010 நவம்பரில் கெடாவிலும் பெர்லிசிலும் வெள்ளம் ஏறியது; கெடாவில் மட்டும் 45,000 ஹெக்டருக்கு மேல் வயல் பாழானது. அரசாங்கம் விவசாயிகளுக்கு 2 கோடியே 60 லட்சம் வெள்ளி உதவி அறிவித்தது. கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள்: ஹெக்டருக்கு 600 வெள்ளிகூட வரவில்லை. வயற்காட்டார் ரெலோங் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு ஹெக்டர் ஏறத்தாழ மூன்றரை ரெலோங்.

2022இல் நெற்பயிருக்குத் தக்காஃபுல் காப்புத் திட்டம் வந்தது. வெள்ளம், வறட்சி, பூச்சி ஆகியவற்றால் பயிர் அழிந்தால் ஹெக்டருக்கு 3,000 வெள்ளி வரை கிடைக்கும் என்றார்கள். ரெலோங்குக்கு ஏறக்குறைய 860 வெள்ளி. அதுவும் உச்ச வரம்புதான். சேதம் குறைந்தால் தொகையும் குறையும்.

வரப்பில் நின்ற மலாய்ப் பெரியவர் ஒருவரிடம், "பாக்சிக், இந்தப் பணம் போதுமா?" என்று கேட்டேன்.

"போதாது, சிக்கு. போன நெல் திரும்பாது. அடுத்த விதைப்புக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். நிலம் குத்தகை நிலம். வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். ஆனால் பயிரிடுபவன் என்று என் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். அதனால்தான் பணம் என் கையில் வந்தது. பக்கத்து வயல்காரரும் என்னைப் போலவே உழைத்தார். பதியவில்லை; ஒன்றும் கிடைக்கவில்லை."

இந்தப் பேச்சு நமக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் தவிக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும், அவர்களிடம் பால் வெட்டுவோருக்கும் பருவமழை உதவித்தொகை உண்டு. 2023இல் அது 600 வெள்ளியிலிருந்து 800 வெள்ளியாக உயர்ந்தது. அதற்கும் பதிவு வேண்டும். ரப்பர் விற்கும் அனுமதி அட்டை வேண்டும். தோட்ட வேலையை விட்டு, கம்பத்துப் பக்கம் பிறர் நிலத்தில் பங்குக்கு வெட்டும் நம்மவர்கள் எத்தனையோ பேர். "நிலம் நம்முடையதா, நமக்கு எதற்கு அட்டை?" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

உதவிப் பணம் யாரையும் பணக்காரராக்காது. ஆனால் மழை பெய்யும் மாதத்தில் கடைப் பாக்கியை அடைக்கும். பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கித் தரும். ஆகவே வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், இந்த மாதமே அப்பாவின் அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். பெயர் சரியா, தேதி முடிந்துவிட்டதா என்று கவனித்து, மழை தொடங்குமுன் புதுப்பித்து வையுங்கள்.