அம்மாவுக்குக் கிடைக்காத பழம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மல்லிகைச் செடிகள் உண்டு. கார்த்திகை மாதம் அம்மா அவற்றை முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்து, எருவும் போட்டுவிடுவாள். மொட்டை மொட்டையாக, பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் பங்குனியில் பூவைத் தொடுத்து மாளாது! "வெட்ட வெட்டத்தான்டி செடி பூக்கும்" என்பாள்.

அந்த வேதவாக்கைக் கனடாவுக்கும் எடுத்து வந்தேன். வந்தது வினை.

டொராண்டோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம் மூன்று மேடைப் பாத்திகள். நாலடிக்கு எட்டடி பலகைப் பெட்டி, அதில் ஓரடி உயரத்துக்கு மண். குளிர் தேசத்துக்கு இது ரொம்ப சௌகரியம். பனி உருகித் தரையெல்லாம் சொதசொதவென்று கிடக்கும்போதே, மேடையில் நீர் வடிந்து மண் சூடேற ஆரம்பித்துவிடும். ஒரு பாத்தியில், முன்பு குடியிருந்தவர்கள் வைத்த ராஸ்ப்பெரி. 2015 ஜூலையில் கிண்ணம் கிண்ணமாகப் பறித்தோம். போனில் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே ஆசை. "அடுத்த வருஷம் வரேன். நானே செடியிலேர்ந்து பறிச்சுச் சாப்பிடணும்."

2016 ஏப்ரலில் பார்த்தால், இலையே இல்லாமல் வெறும் குச்சிகள்! அம்மா வருகிறாளே, நிறையக் காய்க்கட்டுமே என்று அத்தனையையும் தரையோடு வெட்டினேன். போதாததற்குத் தழைச்சத்து மிகுந்த உரத்தையும் தாராளமாக இறைத்தேன்.

ஜூலையில் அம்மா வந்தாள். செடி ஆள் உயரம்; கரும்பச்சை இலை. பழம் ஒன்றுகூட இல்லை.

சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இலை என்னமோ நன்னாத்தான் இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டிதான் ஒரு கிண்ணம் பழத்தை வேலி வழியே நீட்டி, விஷயத்தையும் விளக்கினாள். மல்லிகை புதுத் தளிரில் பூக்கும். எங்கள் ராஸ்ப்பெரியோ, இந்த வருஷம் முளைத்த தண்டில் அடுத்த வருஷம்தான் காய்க்கும். காய்த்ததும் அந்தத் தண்டு பட்டுப்போகும். ஆக, நான் வெட்டிப் போட்டது அம்மாவின் பழத்தை! (இலையுதிர் காலத்தில் காய்க்கும் ரகம் ஒன்றும் உண்டு. அதைத் தரையோடு வெட்டலாம்.)

இப்போதெல்லாம் முதலில் ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்ப்பேன். விரலால் தட்டினால் உதிர வேண்டும். சேறாக ஒட்டினால் பாத்தியில் கை வைப்பதில்லை. பிறகு, பட்டை உரிந்து காய்ந்துபோன பழைய தண்டுகளை மட்டும் அடியோடு எடுப்பேன். சந்தேகமா? நகத்தால் லேசாகக் கீறினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

உரத்திலும் அவசரம் கூடாது. மேடை மண் வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும். அதை ஈடுகட்ட, நன்றாக மக்கிய எருவை ஓரிரு அங்குலம் பரப்புகிறேன், அவ்வளவுதான். மண் சில்லென்றிருக்கும்போது தழைச்சத்தைக் கொட்டினால் பாதி மழையோடு போகும். மீதிக்குக் கிளம்பும் இளந்தளிரை உறைபனி கருக்கிவிடும். இங்கே மே நடுவில்கூட உறைபனி உண்டு. தக்காளி, மிளகாய் நட, மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை வரும் விக்டோரியா தினம்தான் ஊர்க்கணக்கு.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்று: வசந்தத்தில் பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். கீரை, காரட் போல மண்ணை ஒட்டி விளைவதற்கு, சாணம் போட்டு 120 நாளாவது கழிந்துதான் அறுவடை செய்ய வேண்டும்; கிருமி பயம். நம் வாண்டுகள் கழுவிவிட்டா தின்கின்றன?

2017-ல் பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியவில்லை. அதற்கப்புறம் அவள் வரவேயில்லை.

ஏப்ரல் பிறந்தால் போன் மட்டும் தவறாமல் வந்துவிடும். "ஏண்டி, கத்தரியை எடுத்துட்டியா? எதையும் வெட்டிடலையே?"