23 கிலோ

ஒருவருடைய சுபாவத்தை அறிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. அவர் அயல்நாட்டுப் பிரயாணத்துக்குப் பெட்டி கட்டும்போது பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பயந்தவர் மருந்துகளாக எடுத்து அடுக்குவார். பெருமைக்காரர் ஒரு வாரத்துக்குப் பதினான்கு சட்டை வைப்பார். தாயாராக இருந்தால், தமக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளாமலே பெட்டியை நிரப்பிவிடுவார்.

காந்தியடிகளுக்கே இந்தச் சங்கடம் நேர்ந்திருக்கிறது. 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மாநாட்டுக்காக 'ராஜபுதனா' கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்டபோது, உடன் வந்தவர்கள் சேர்த்திருந்த பெட்டிகளைக் கண்டு கோபித்துக்கொண்டார். ஏழைகளுக்காகப் பேசப் போகிறவருக்கு இத்தனை மூட்டைகளா? வேண்டாதவை ஏடன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன.

நமக்கு நடுவழியில் ஏடன் கிடையாது. விமான நிலையத்துத் தராசுதான் உண்டு. சாதாரண வகுப்பில் பல விமானக் கம்பெனிகள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கின்றன. வெறும் பெட்டியே அதில் மூன்று நான்கு கிலோவை விழுங்கிவிடும்.

என் தமக்கை தன் மகளின் முதல் பிரசவத்துக்காக ஒரு ஜனவரி மாதம் ம்யூனிக் நகருக்குப் புறப்பட்டாள். பெட்டியைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். 29 கிலோ! அக்கா சற்றும் தயங்காமல் கம்பளிக் கோட்டை வெளியே எடுத்துப் போட்டாள்.

"எனக்கு எதற்கடா இது? நான் வீட்டுக்குள்ளேதானே இருக்கப் போகிறேன்!"

தண்ணீர் உறைகிற குளிருக்குப் போகிறவளின் பேச்சு இது. பெட்டிக்குள் பார்த்தேன். 4 கிலோ புழுங்கலரிசி, 1 கிலோ பருப்பு, ஒரு டப்பா நெய், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை.

"அக்கா, பாலில் செய்த பண்டங்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். நெய் சுங்கத்தோடு நின்றுவிடும். 2019 டிசம்பரிலிருந்து பச்சை இலைக்கும் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அரிசி பருப்பெல்லாம் அங்கே இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது" என்றேன்.

"எல்லாம் கடையிலே கிடைக்கிறதென்றால் நான் எதற்குப் போகிறேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"நீ கடையில் கிடைக்கமாட்டாய், அதற்காகத்தான் போகிறாய். குளிரில் நீ படுத்துக்கொண்டால், அவள் பச்சை உடம்போடு உனக்குக் கஞ்சி வைக்க வேண்டி வரும்."

அக்கா பேசவில்லை. அரிசிப் பையைத் தானே எடுத்து வெளியில் வைத்தாள்.

பிறகு வேலை சுலபமாயிற்று. கோட்டைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறச் சொன்னேன். உடம்பில் இருப்பதைத் தராசு நிறுக்காது. துணிகளை மடிக்காமல் சுருட்டினோம். காலணிக்குள் காலுறைகளைத் திணித்தோம். கனமான சாமான்களைச் சக்கரத்தின் பக்கம் வைத்தோம். மருந்து, மருந்துச் சீட்டு, மாற்றுப் புடவை ஒன்று, இவை கைப்பைக்குள் போயின. பெட்டி வழியில் தவறினாலும் இரண்டு நாள் சமாளிக்கலாம். பவர் பேங்க்கும் கைப்பையில்தான் போக வேண்டும். பெட்டியில் வைத்து அனுப்பினால், சரக்கறையில் அந்த பேட்டரி தீப்பிடிக்கும்போது அணைக்க ஆள் இருக்காது.

மறுபடி தூக்கினேன். 21 கிலோ.

மீதியிருந்த இடத்தைப் பார்த்ததும் அக்கா உள்ளே போய் இரண்டு பழைய நூல் புடவைகளைக் கொண்டுவந்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாக மெத்தென்று ஆனவை.

"குழந்தைக்குத் துணி கிழிக்க" என்றாள்.

நான் ஆட்சேபிக்கவில்லை. எந்தச் சுங்கமும் தடுக்காத, எந்தக் கடையிலும் விற்காத சாமான் அது.

பெட்டி கட்டுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அங்கே கிடைப்பதை இங்கே விட்டுவிட வேண்டும். கிடைக்காததற்கு இடம் வைக்க வேண்டும். ஆனால் இப்படிப் பிரிக்கும் வேளையில் தாயார்கள் தங்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அதை நினைவூட்டவாவது, தராசைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.