ஒரு பிடி மணல் தேடி

என் மருமகன் கண்ணாடித் தொட்டி ஒன்றிற் கடல் நீரை நிரப்பி, நான்கு சிறு மீன்களை விட்டான். மூன்றாம் நாட் காலையில் நான்கும் செத்து மிதந்தன. தொட்டியின் அடியில் அவன் பரப்பியிருந்தது களப்பின் ஓரத்தில் அள்ளிய கரிய மணல். கிளறினேன், அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது.

"கடல் மீனுக்குக் கடல் மணல்தானே வேண்டும், மாமா? பிழை எங்கே நேர்ந்தது?" என்று கண் கலங்கக் கேட்டான் அவன்.

அந்தக் கேள்விக்கு விடை காணவே, விடுமுறையில் இருவரும் குடாநாட்டுக் கரைகளைச் சுற்றப் புறப்பட்டோம். ஒரு போத்தல் வினாகிரியும் சில வெறும் போத்தல்களும் பையில் இருந்தன.

முதலிற் களப்புக்கே சென்றோம். அலையில்லாத அந்நீரில் நுண்ணிய சேறு படிந்து இறுகிவிடுகிறது. அதனுள்ளே ஒட்சிசன் புகுவதில்லை. காற்றில்லாத அவ்விடத்தில் வாழும் பற்றீரியாக்கள் கடல் நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகின்றன. விரிந்த களப்பிலே அது சேற்றுக்குள் அடங்கிக் கிடக்கும். சிறு தொட்டியிலோ ஒருமுறை கிளறினாலே போதும், மீனுக்குக் கேடு. ஆகவே மிக நுண்ணிய மணலும் ஆகாது. ஆழமாகக் கொட்டுவதும் ஆகாது. ஒன்று முதல் இரண்டு அங்குலத் தடிப்பே புதியவருக்குப் போதுமானது.

அடுத்த நாள் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டிற்குச் சென்றோம். பெயருக்கேற்ற ஊர் அது. காற்றுக் குவித்த மணல்மேடுகள் குன்றுகளைப் போல எழுந்து நிற்கின்றன. மணலில் அமிழ்ந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பார்ப்போரை மௌனமாக்குகின்றன. ஒரு பிடி மணலில் வினாகிரியைச் சொட்டினோம். நுரை எழவில்லை என்றே சொல்லலாம். இது பெரும்பாலும் படிகக்கல் மணல், நீரிற் கரையாது. மீனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால், நீரின் காரத்தன்மையைக் காக்கவும் உதவாது. கடல் நீரின் பீ.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை நிற்றல் நன்று. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் சிதைந்து அதனைக் குறைத்துக்கொண்டே வரும்.

மூன்றாம் நாள் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர் சென்றோம். கசூரினாக் கடற்கரையிற் சவுக்கு மரங்களின் நிழலும் நெடுந்தூரம் நடந்தாலும் முழங்காலளவே வரும் நீரும் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். அங்குள்ள வெண்மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால், சிப்பித் துண்டும் முருகைக்கல் துணுக்கும் தெரிகின்றன. வினாகிரி பட்டதும் அது சோடாவைப் போலப் பொங்கியது. மருமகன் துள்ளினான்.

சுண்ணாம்புப் பொருளாலான மணலே கடல் நீர்த் தொட்டிக்கு ஏற்றது. நீர் புளிப்பை நோக்கிச் சாயும்போது அது சிறிது சிறிதாகக் கரைந்து ஈடுகொடுக்கும். அதன் கரடான பரப்பிலே குடியேறும் நல்ல பற்றீரியாக்கள், மீன் வெளிவிடும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை பொறுக்காது மீனை விட்டதே எங்கள் இரண்டாம் பிழை.

"அப்படியாயின் ஒரு சாக்கு நிறைய அள்ளுவோமா?" என்றான் அவன்.

நான் தயங்கினேன். வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டிலே மழைநீரைத் தாங்கி வைப்பவை அடியிலுள்ள சுண்ணக்கல்லும் மணல்மேடுகளுமே. உப்பு நீரின்மேல் மிதக்கும் அந்த நன்னீரே எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. மணலே கடலுக்கு அணையுமாகும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைச் சூறையாடியதை மறத்தல் எளிதன்று. கட்டடங்களுக்கென அங்கே மணல் அகழப்படுவது ஊராரின் நீண்டகாலக் கவலை. முருகைக்கல்லின் கதையும் அத்தகையதே. நெடுந்தீவின் வேலிகள், சாந்தின்றி அடுக்கிய முருகைக் கற்களால் ஆனவை. அது முன்னோர் காலம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்துவிட்டது. ஒரு பையன் அள்ளும் சாக்கினாற் கரை தேய்ந்துவிடாது. ஆனால், ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணினால்?

இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. வீடு திரும்பும் வரை பேசவில்லை.

விடையைத் தந்தவர் என் தமக்கையார். அன்று அவர் மட்டி சமைத்திருந்தார். குசினி வாசலிற் குவிந்த ஓடுகளைக் காட்டி, "தம்பி, இதுவும் சுண்ணாம்புதானே?" என்றார். வினாகிரியை விட்டோம், பொங்கியது!

ஓடுகளை நன்கு அவித்து, சதை ஒட்டாமல் உரோஞ்சிக் கழுவி, வெயிலிற் காயவைத்து, உரலில் இடித்தோம். அரிதட்டினால் மாவை நீக்கி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான துண்டுகளை மட்டும் எடுத்து, நீர் தெளியும்வரை பலமுறை அலசினோம். இதற்கும் ஒரு குறை உண்டு: விளிம்புகள் கூரியவை, மணலுட் புதைந்து உறங்கும் மீன்களுக்கு இது பஞ்சணையன்று. அவ்வகை மீன்கள் வேண்டாமென்று முடிவு செய்தோம்.

ஐந்து வாரங்களாகத் தொட்டியில் மீனில்லை. பள்ளி விட்டு வந்ததும் மருமகன் அதன் முன்னே அமர்ந்து வெறும் நீரையே பார்க்கிறான். அமோனியா அற்றுப்போனதைச் சோதனையிற் கண்டபின்னரே முதல் மீன் வரும். முன்பு மூன்று நாள் பொறுக்காதவன் இப்போது நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடிட்டு வருகிறான். காரைநகரிற் சோதனைக்கு எடுத்த அந்த ஒரு பிடி வெண்மணல் மட்டும், சிறு போத்தலொன்றில் அவன் மேசைமீது இருக்கிறது. அடுத்த முறை கசூரினாவுக்குச் செல்லும்போது அதனைத் திருப்பிக் கொட்டிவிட வேண்டுமாம்.