பொன்னும் இறகும்

மண்ணூரில் டிரவுட் மீன் வாழாது. அதற்குக் குளிர்ந்த, ஓடும் நீர் வேண்டும். எனினும், இரவுப்பணிப் பேருந்துகள் சென்றபின் நாம் அம்மீனுக்கான 'ஈ'க்களைக் கட்டி வருகிறோம்.

கொக்கியில் சுற்றிய பட்டுநூல் உடலாகும். முகப்பில் சுற்றிய பெட்டைக்கோழிக் கழுத்திறகு கால்களாகும். சேவலின் விறைத்த இறகு மிதக்கும். பெட்டையின் மெல்லிறகோ நனைந்து அமிழும். ஓடைக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசினால், நீரோட்டமே அதற்கு உயிரூட்டும்.

நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைய, எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். அமெரிக்க மீன், ஆங்கிலேயர் கலை, நீலகிரி ஓடை, மண்ணூர்க் கோழி!

வள்ளுவர் 931ஆம் குறளில் தூண்டில் முள்ளைப் 'பொன்' என்கிறார். இரும்பு என்பது உரை. சூதில் பெறும் வெற்றிக்கு அஃது உவமை. புழுவைக் கோத்த தூண்டிலில் இரை என்ற ஒன்றேனும் உண்டு. நாம் கட்டுவதிலோ இறகும் நூலும் மட்டுமே. ஆகவே, முள்ளின் எதிர்நாக்கை நசுக்கிவிட்டே கட்டுகிறோம். ஆண்டுக்கொருமுறை அனுமதி பெற்று மலையேறுகையில், சிக்கிய மீனை எளிதில் விடுவிக்கலாம். இஃது அறமா, அன்றி நம் மன ஆறுதல்தானா? நண்பர்கள் கூறுக.