பதத்துக்கு வரட்டும்

காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்குகிறவர்களைக் கண்டால் எங்கள் தாத்தாவுக்குப் பரிதாபமாக இருக்கும். "இதைக் காசு குடுத்தா வாங்குன?" என்று அப்பாவிடம் கேட்பார். துட்டி வீட்டில் விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். அப்பாவிடம் பதில் இருக்காது.

அப்பா தம்பிக்கு வாங்கியது ஒரு தகரக் கார். சாவி கொடுத்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடும். தூத்துக்குடி வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள், யாரும் காப்பி குடிக்காத பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே அது நின்றது. விருந்தாட்கள் வந்தால் அம்மா எடுத்துத் தருவாள். ஒரு ஓட்டம் ஓடும், உடனே உள்ளே போய்விடும். அதனால் ரொம்ப வருசம் கெடாமல் இருந்தது. தம்பி அதை வைத்து விளையாடினான் என்று சொல்ல முடியாது; பார்த்துக்கொண்டிருந்தான்.

முழுப்பரீட்சை முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் வீடு. தேரி மண்ணின் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் பாவாடை விளிம்பை விட்டுப் போகாது. மத்தியான வேளையில் அதில் கால் வைக்க முடியாது. ஒரு பனையின் நிழலிலிருந்து அடுத்த பனையின் நிழலுக்கு ஓடி, நின்று, கால் மாற்றி, மறுபடி ஓட வேண்டும். பனை நிழலும் தாராளமான நிழல் கிடையாது. ஒரு ஆளுக்குத்தான் காணும். அதற்கு நானும் தம்பியும் சண்டை போடுவோம்.

சித்திரை, வைகாசி என்றால் பதனீர் பெருகும் காலம். சித்தப்பா விடியுமுன்னே முருக்குத்தடியை மரத்தில் சாத்தி, காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி ஆட ஏறிப் போவார். சாயங்காலம் திரும்பவும் அதே மரங்கள். தாத்தாவும் ஒரு காலத்தில் அப்படி ஏறியவர்தான். எனக்கு விவரம் தெரிந்தபோது விட்டிருந்தார். மரத்தில் உராய்ந்து உராய்ந்து அவர் நெஞ்சுத் தோல் காய்த்துப் போயிருந்தது. தம்பி அதை விரலால் தட்டிப் பார்த்து, "வலிக்கா தாத்தா?" என்பான். "பனையேறிக்கு அதாம்ல சட்டை" என்பார்.

ஆச்சியைப் பகலில் அண்ட முடியாது. விடிலிக்குள் பதனீர் கொதித்துக்கொண்டிருக்கும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், துழாவுவாள், துடுப்பைத் தூக்கிப் பாகு வடிவதைப் பார்ப்பாள், மறுபடி துழாவுவாள். இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றும் நேரத்தில் யாராவது பேசினால் தொலைந்தார்கள். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது சந்தோசமாக இருந்தது. கூடவே, காவோலைப் புகையில் ஆச்சி இருமிக்கொண்டே இருந்ததும் காதில் கேட்டது.

ஆக, நாங்கள் தாத்தாவின் பொறுப்பு. ஏறாத பனையேறிக்குப் பகல் மிக நீளமானது. எங்களுக்கும் நீளமானதுதான்.

"தாத்தா, காத்தாடி செஞ்சு தாங்க" என்று கேட்டால் உடனே கிடைத்துவிடாது. முதலில் சித்தப்பா குருத்தோலை வெட்டிப் போட வேண்டும். வேறு ஓலை ஆகாதா என்று கேட்டுவிட்டால் பாடம் ஆரம்பித்துவிடும். குருத்துக்கு அடுத்தது சாரோலை. அது முரடு, சுமை தூக்குகிற கடவப்பெட்டிக்குத்தான் லாயக்கு. காய்ந்து தொங்குவது காவோலை. அடுப்புக்கும் கூரைக்கும் போகும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் குருத்துதான் சரி, அது விரலை அறுக்காது. வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் காயப்போடுவார். சாயங்காலம் எடுப்பார் என்று பார்த்தால், "ராத்திரி முத்தத்துல கெடக்கட்டும்" என்பார்.

"இப்பமே செய்யக் கூடாதா?"

"ஏட்டி, காஞ்ச ஓலைய மடக்குனா ஒடியும். பதத்துக்கு வரட்டும்."

நாங்களும் முற்றத்தில் பாய் விரித்து ஓலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வோம். ஆடு வந்து தின்றுவிடக் கூடாதே என்று தம்பி காவல் இருப்பான். முதலில் தூங்குவதும் அவன்தான். காலையில் கண் விழித்ததும் ஓலையைத்தான் தொட்டுப் பார்ப்போம். ராத்திரி ஈரம் போதவில்லையென்றால் தாத்தா வாயில் தண்ணீரை வைத்து "ப்பூ" என்று ஊதித் தெளிப்பார். அந்தத் தூறலில் முகத்தைக் காட்டுவதற்கும் சண்டை உண்டு.

பிறகு ஈர்க்கை உரித்தெடுப்பார். ஓலை இரண்டு நாடாவாகப் பிரியும். விழுகிற ஈர்க்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் வேலை. ஆச்சிக்கு விளக்குமாறு ஆகும். தம்பியின் வேலை முள் கொண்டுவருவது. எந்த முள்ளும் ஆகாது. உடைமரத்து முள், வெள்ளை வெளேரென்று நீளமாக, வளைவில்லாமல் இருக்க வேண்டும். அவன் கொண்டுவருவதைத் தாத்தா கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "கோணல்" என்று திருப்பிக் கொடுப்பார். அவன் மறுபடி ஓடுவான். முள்ளில் அப்படி என்ன கோணல் இருக்க முடியும் என்று அப்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது வருகிறது. இவனை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடலாம் என்றுதான் திருப்பி அனுப்பியிருப்பார்.

இரண்டு நாடாக்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுத்தால் நான்கு இறக்கை நிற்கும். நடுவில் முள்ளைக் குத்தி, காய்ந்த சோளத்தட்டையின் நுனியில் செருகினால் காற்றாடி. அவ்வளவுதான். செய்து முடிக்கிற நேரம் வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. அதற்கு முந்தைய ஒரு பகலும் ஒரு இரவும்தான் எங்களுக்குத் திருவிழா. காற்றாடியைத் தூக்கிக்கொண்டு தேரியைப் பார்க்க ஓடினால் சரசரவென்று சத்தம் வரும். தாத்தா திண்ணையிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "முள்ளு இறுக்கமா இருக்கு, கொண்டா" என்று கூப்பிடுவார்.

காற்றாடி அலுத்தால் கைக்கடிகாரம், மோதிரம், விரலை விட்டால் கவ்விக்கொள்ளும் பாம்பு. நுங்கு தின்ற அன்றைக்கு, ஒரே அளவுள்ள இரண்டு கூடுகளைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை பின்னி, அழகாக இருக்குமென்று உள்ளே குன்றிமணி போட்டுவிட்டார். ஆச்சி விடிலியிலிருந்து துடுப்போடு வந்தாள். "அது வெசம்லா! பிள்ள வாயில போட்டா யாரு பதில் சொல்லுவா?" தாத்தா ஒன்றும் பேசாமல் பிரித்து, பொடிக்கற்களைப் போட்டுத் திரும்பவும் பின்னினார். சத்தம் நல்லாயில்லை என்று சாயங்காலம் வரை முனகிக்கொண்டிருந்தார்.

குருத்தோலையின் வெளிர் மஞ்சள் சில நாள்தான். அப்புறம் பழுப்பேறும், முறுகும், மடிப்பில் உடையும். என் கைக்கடிகாரம் உடைந்தபோது நான் அழுதேன். தாத்தா அதைக் கழற்றி வாங்கி நேரே ஆச்சியின் அடுப்பில் போட்டுவிட்டார். "அதுக்கென்ன, இன்னொண்ணு செஞ்சாப் போச்சு." பத்திரம், உடைத்துவிடாதே, கீழே போடாதே என்ற வார்த்தைகளே அந்த முற்றத்தில் கிடையாது. தகரக் காரைத் தொடும்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தொட்ட பிள்ளைகள் நாங்கள். ஓலைச் சாமானை யார் முகத்தையும் பார்த்துத் தொட வேண்டியிருக்கவில்லை. இன்று குழந்தைகளுக்குப் பரிசு வாங்கப் போகிற இடத்தில், எத்தனை வருசம் உழைக்கும் என்று பெரியவர்கள் கேட்பதைக் கேட்டால் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

உழைக்கிற சாமான் செய்வது ஆச்சியின் துறை. ராத்திரி வேலை ஓய்ந்தபின், வெளிச்சம்கூட இல்லாமல், சாயம் முக்கிய ஓலையைக் கலந்து மூடி வைத்த சின்னப் பெட்டி முடைவாள். வாய் யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள் என்ற கணக்கில் இருக்கும், விரல் தன் கணக்கில் போகும். சுக்கு மணக்கும் சில்லுக் கருப்பட்டியை அதில் அடுக்கித் தருவாள். கருப்பட்டி பஸ்ஸிலேயே பாதி தீர்ந்துவிடும். பெட்டி அம்மாவின் ஊசி நூலுக்குப் போய், நான் கல்லூரி முடிக்கும்வரை இருந்தது. மணப்பாட்டுப் பெண்கள் முடைந்து விற்கும் பெட்டிகளை இப்போது பார்த்தால் கையில் எடுத்து மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பேன். அவர்கள் வேலை துல்லியம். ஆச்சியின் மூடி எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும்.

கார்த்திகைக்கு வர முடிந்த வருசங்களில் அதே குருத்தோலைக்குள் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சிறுபயறும் தேங்காய்ப்பூவும் போய் ஓலைக்கொழுக்கட்டையாக வேகும். ஓலையைப் பிரிக்கும்போது மாவில் அதன் வரிகள் பதிந்திருக்கும். தம்பி வரி தெரிகிற பக்கத்தை முதலில் தின்பான்.

லீவு முடிந்து கிளம்புகிற ஒரு காலையில் எனக்குக் கிளி வேண்டும் என்று தோன்றிவிட்டது. முன்தினமே கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. தாத்தா கையில் கிடைத்த ஓலையை மடியில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்துகொண்டே மடித்தார். அலகு வந்தது, கழுத்து வந்தது, ஒரு இறக்கை வந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது. அப்பா எங்களை ஏற்றி, பெட்டிகளை ஏற்றி, பதனீர்ப் போணிக்காகக் கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தாத்தா ஜன்னலுக்கு வெளியே நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மடித்துக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும் அப்படியே என் கையில் திணித்தார்.

"வால நீயே முடிச்சிரு. பாத்துட்டுதான இருந்த?"

திருச்செந்தூர் தாண்டும்வரை முயன்றேன். பதத்துக்கு வராத ஓலை மடித்த இடத்திலெல்லாம் ஒடிந்தது. ஒரு வழியாக வால் மாதிரி ஒன்று வந்ததும் தம்பியிடம் காட்டினேன். காக்கா என்றான். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடைக்கோழி என்று தீர்ப்புச் சொன்னாள்.