எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

தம்பியின் மைவிக்குத் தாழ்வான ஸ்பிரிங் மாட்டிய மறுநாளே முன்பக்கம் 'டொய்ங்' என்றது. அப்பா வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் கார் அது. சத்தம் வந்தால் அவர் எதுவும் சொல்லமாட்டார். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். "அப்சோர்பர் போயிருச்சு, ஜோடியா மாத்தணும்" என்றது பட்டறை.

எனக்குச் சோறு போடுவதே சத்தம்தான். அது எப்போது வருகிறது என்று கேட்காமல் எதையும் மாற்ற விடமாட்டேன். மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கோ ஏதாவது நட்டோ தளர்ந்திருக்கலாம். வேகத்தடையில் 'தொப்' என்றால் தாழ்ந்த கார் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. இதுவோ நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே வந்தது.

தம்பியை மெதுவாகத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தேன். (இடுக்கில் விரலை விடாதீர்கள்!) வலப்பக்கம் சீராகத் திரும்பியது. இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு துள்ளியது.

வேறு பட்டறையில் கழற்றிப் பார்த்தார்கள். மேல் மவுண்ட் பேரிங் கோணலாக உட்கார்ந்து இறுகிக் கிடந்தது. அப்சோர்பரில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவுகூட இல்லை. பேரிங்கை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தோம். உயரம் குறைந்தால் சக்கரக் கோணமும் மாறிவிடும்.

பழைய ஸ்பிரிங்குகள் வீட்டில்தான் இருக்கின்றன. அப்பாவின் இடுப்புக்கு அவைதான் தோது என்று தம்பியிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.